பங்காளிக் காரின் கியர் ஆயில்

மணலூர்க்குடியில் நிலத்தைப் பிரித்தார்கள், தென்னந்தோப்பைப் பிரித்தார்கள், களத்துமேட்டைக்கூடக் கயிறு பிடித்து அளந்து பிரித்தார்கள். அம்பாசிடரை மட்டும் பிரிக்க முடியவில்லை. முன்பாதி ஒருவருக்கு, பின்பாதி ஒருவருக்கு என்று பஞ்சாயத்தில் ஒருவர் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். பங்காளிகள் இருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்கள். எஞ்சின் எந்தப் பாதியில் வருகிறது என்று ஒருவர் கேட்டார்.

கடைசியில் காருக்கும் முறை வைத்தார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அதுபோல. ஒரு வருஷம் பெரியப்பா மகன் துரைக்கண்ணு வாசலில் கார், மறு வருஷம் சித்தப்பா மகன் அரவிந்தன் வாசலில். மேட்டூர் அணை திறக்கிற அன்று கைமாற வேண்டும். இதற்கு முத்திரைத்தாளில் ஒரு முச்சலிக்கா எழுதிக்கொண்டார்கள். கொடுப்பவர் வண்டியை நல்ல ஓட்டத்தில் கொடுக்க வேண்டும். வாங்குபவர் சாட்சிகள் முன்னிலையில் பிள்ளையார் கோயிலிலிருந்து குடமுருட்டிப் பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த ஓட்டத்தில் எஞ்சினோ கியரோ மக்கர் செய்தால், கொடுத்தவரின் பாத்தியதை அத்தோடு தீர்ந்தது. கார் முழுக்க மற்றவருக்கு. வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு எந்தப் புகாரும் செல்லாது.

1986-ஆம் வருஷத்துக் கார். பின்கதவு உள்ளிருந்து திறக்காது, மழை வந்தால் டிரைவர் மடியில் ஒழுகும். இதற்கா இவ்வளவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூரில் யாரும் கேட்கமாட்டார்கள். கார் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வருஷம் அதுதான் பெரிய வீடு. வைகாசித் திருவிழாவில் பரிவட்டம் அந்த வீட்டுத் தலைக்குத்தான். கல்யாணப் பத்திரிகைகள் முதலில் அங்கேதான் போகும். மற்றவர் அந்த வருஷம் முழுவதும் தன் இரு சக்கர வாகனத்தில், யாரையும் பார்க்காததுபோல் போய்வருவார்.

சில வருஷம் ஜூலைக் கடைசி வரை அணை திறக்காது. ஜில்லா முழுக்க, குறுவை போச்சே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும். கார் வைத்திருப்பவரும் தலையில் கை வைத்துத்தான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கை சரியாக வைக்கப்படவில்லை என்று மற்றவருக்குத் தோன்றும்.

துரைக்கண்ணு முப்பத்து நாலு வருஷம் நெல் கொள்முதலில் தரம் பார்த்தவர். மூட்டையில் குத்தூசியைச் செருகி, கொட்டிய நெல்லை உள்ளங்கையில் பரப்பி, முகர்ந்து, ஒன்றை முன்பல்லில் கடித்து, வானத்தைப் பார்த்து, "ஈரம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று நாள் ரோட்டில் நெல்லைக் காயவைத்த குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு கடிக்க நெல் இல்லை. மனிதர்களைக் கடித்துப் பார்க்கத் தொடங்கினார். பால்காரர், கரண்ட் ரீடிங் எடுப்பவர், மாத்திரை அட்டை, எல்லாவற்றிலும் ஏதோ கலந்திருக்கிறது என்பது அவருடைய முடிவு. எது கலந்திருக்கிறது என்பது மட்டும்தான் விசாரணை.

போன வருஷம் கார் அவர் முறைக்கு வந்த மறுநாளே, பாபநாசம் போகிற வழியில் ரயில்வே கேட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் சேக் தாவூதிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் காரை இருபது வருஷமாக அறிந்த கை தாவூதுடையது. இரண்டு பங்காளிகளுக்கும் அவர்தான் மெக்கானிக். ஆகையால் இரண்டு பங்காளிகளும் அவரை நம்புவதில்லை.

"கியர் ஆயிலை இறக்கிடு பாய்."

"ஏன் சார்? போன மாசம்தான் அரவிந்தன் சார் மாத்தினாரு. தேன் மாதிரி இருக்கு."

"அவன் மாத்தினான்ல? அதான் இறக்கச் சொல்றேன். அடுத்தவனுக்குக் குடுக்கப்போற வண்டிக்கு எவனாவது நல்ல ஆயில் ஊத்துவானா? நீ ஊத்துவியா?"

"நான் ஊத்தினேன் சார். அவரு காசு குடுத்தாரு, நான்தான் ஊத்தினேன்."

"அது வேற இருக்கா," என்றார் துரைக்கண்ணு.

ஆயில் இறங்கியது. தாவூது சொன்னதுபோலவே தேன் மாதிரி இருந்தது. தேனிலும் கலப்படம் உண்டு என்பதால் துரைக்கண்ணு அதைப் பொருட்படுத்தவில்லை. தாவூது பலகையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"இது ஜிஎல் நாலு. இந்தப் பொட்டிக்கு இதுதான் சார்."

துரைக்கண்ணுவின் கண் பலகையில் இருந்த வேறொரு டப்பாவில் நின்றது. "அது என்ன?"

"அது அஞ்சு. பின்னாடி ஆக்ஸிலுக்கு."

"இரு இரு. பின்னாடிக்கு அஞ்சு, முன்னாடிக்கு நாலா? முன்னாடி உட்கார்றவன் நானு. எனக்கு நாலு, டிக்கிக்கு அஞ்சா?"

"சார், அது பெருசு இது சின்னதுங்கிற கணக்கு இல்ல. அஞ்சுல கந்தக மருந்து ஜாஸ்தி. பின்னாடி பல்லுக்கு அந்தக் காரம் வேணும். கியர் பொட்டிக்குள்ள பித்தளை வளையம் இருக்கு சார், கியர் விழறப்போ வேகத்தை ஒத்துப்போக வைக்கிறது அதுதான். கந்தகம் பட்டா பித்தளைக்கு ஆகாது. புது வண்டிங்க சிலதுக்கு வேற உலோகம், அது தாங்கும். நம்மது பழசு."

துரைக்கண்ணு இரண்டு டப்பாக்களையும் திறக்கச் சொன்னார். முதலில் நாலில் விரலைத் தொட்டு முகர்ந்தார். ஒன்றும் இல்லை. பிறகு அஞ்சு. மூக்கின் வழியே போய் நெற்றியில் நின்றது. முப்பத்து நாலு வருஷம் சம்பா எது, கலப்பு எது என்று இருட்டுக் கிடங்கில் முகர்ந்தே சொன்ன மூக்கு அது. வாசனை இல்லாத சரக்கு செத்த சரக்கு என்பது அதன் பாடம்.

"இதுலதான் சரக்கு இருக்கு. அஞ்சையே ஊத்து."

"சார்..."

"நான் பாக்காத சாம்பிளா?"

அரவிந்தன் மஸ்கட்டிலிருந்து திரும்பியபோது தாவூதுக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தது துரைக்கண்ணுவுக்குத் தெரியும். ஒரு மனிதன் எவ்வளவுக்கு விலைபோவான் என்பதில் அவருக்கு நெடுநாள் அனுபவம் இருந்தது. தாவூது அஞ்சாம் நம்பர் டப்பாவை எடுத்தார். துரைக்கண்ணு வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, அஞ்சுதான் உள்ளே போகிறதா என்று கடைசிச் சொட்டு வரை பார்த்தார். சட்டை வீணானது.

தீபாவளி வரை கார் ஒழுங்காக ஓடியது. பொங்கலுக்கு முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஒரு முனகல் கேட்டது. மாசியில் அது உறுமலானது. வைகாசியில் துரைக்கண்ணு பரிவட்டம் கட்டிக்கொண்டு தேருக்குப் பின்னால் கம்பீரமாக வண்டியில் வந்தபோது, கியர் போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீக்கடையில் கோவிந்தராசு கேட்டார்: "அய்யா, வண்டிக்குள்ள ஏதாச்சும் நாய் மாட்டிக்கிச்சா? ரெண்டு நாளா குலைக்குதே?"

கோவிந்தராசு நாலு ஏக்கர் சொந்தமாகச் செய்கிறவர். அவருடைய நெல்லைத் துரைக்கண்ணு இரண்டு முறை ஈரம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அதனால் அந்தக் கேள்வியைத் துரைக்கண்ணு மனதில் குறித்துக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம். பன்னிரண்டாம் தேதி அணை திறப்பு என்று செய்தி வந்தது. ஊர் வரப்பு வெட்டப் போனது. துரைக்கண்ணு காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எட்டு நாள் இருக்கிறது. பிள்ளையார் கோயிலிலிருந்து பாலம் போகும் வழியில் குறைந்தது ஆறு தடவை கியர் மாற்ற வேண்டும். ஆறு உறுமல். முதல் உறுமலிலேயே அரவிந்தன் வண்டியை நிறுத்தி முச்சலிக்காவை விரிப்பான். பாதிக் கார் போகும். பரிவட்டம் இனி ஜென்மத்துக்கும் அந்த வாசலுக்குத்தான்.

இது சதி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி. தானே அடியில் படுத்து நட்டைத் தளர்த்தி, முறைப்படி மூன்று பாட்டிலில் சாம்பிள் எடுத்தார். மூடியில் மெழுகு வைத்துத் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெயிலில் தூக்கிப் பார்த்தபோது ஆயிலுக்குள் பொன்துகள் மினுமினுத்தது.

"ராஜாத்தி! இங்க வா, பாரு. அரம் வெச்சு ராவி உள்ள போட்டிருக்கான்!"

அவர் மனைவி ராஜாத்தி ஈரக்கையோடு வந்து பார்த்தாள். "யாரு போட்டா?"

"வேற யாரு? உன் கொழுந்தன்."

"ஒரு வருஷமா வண்டிச் சாவி உங்க இடுப்புலதானே இருக்கு. குளிக்கும்போதுகூட அவுக்கலியே."

"அதான் கெட்டிக்காரத்தனம்," என்றார் துரைக்கண்ணு.

பாட்டிலை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனார். அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் விரிவுரையாளராக இருக்கிறாள் கனிமொழி, கோவிந்தராசுவின் மகள். வேறு யாரிடமும் போக அவருக்கு மனமில்லை. இவளிடம் போகவும் மனமில்லை. ஆனால் இவள் காசு கேட்கமாட்டாள். அறைக்குள் நுழைந்ததும் அவள் எழுந்து நிற்பாள் என்று ஒரு வினாடி காத்திருந்தார். அவள் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார்.

கனிமொழி ஆயிலை ஒரு வெள்ளைத் தாளில் சொட்டவிட்டு, விரலால் தேய்த்து, காந்தம் ஒன்றைக் கிட்டே கொண்டுபோனாள். துகள் அசையவில்லை.

"பித்தளை சார். கியருக்குள்ள இருக்கிற வளையம்தான் தேஞ்சு வந்திருக்கு. என்ன ஆயில் ஊத்தினீங்க?"

"உசந்ததுதான்."

"நம்பர்?"

"அஞ்சு."

"யாரு சொன்னா?"

துரைக்கண்ணு மின்விசிறியைப் பார்த்தார்.

"அஞ்சு ஆகாது சார். அதுல இருக்கிற மருந்து பித்தளையில ஒட்டிக்கிட்டு மேல்தோலைப் பேத்து எடுத்துடும். போதாததுக்கு வழுக்கல் வேற ஜாஸ்தி. வளையம் பிடிக்க வேண்டிய எடத்துல பிடிக்காம வழுக்கும். அதான் சத்தம். நாலு ஊத்தி மெதுவா ஓட்டினீங்கன்னா மிச்சம் இருக்கிற வளையம் இன்னும் பல வருஷம் வரும்."

தாவூது சொன்ன அதே வார்த்தை. துரைக்கண்ணுவின் கண் சுருங்கியது. "உங்கப்பாவும் அரவிந்தனும் ஒரே போர்செட்டுலதானே தண்ணி பாய்ச்சறாங்க?"

கனிமொழி சிரித்துவிட்டாள். "சார், எங்க நெல்லு காஞ்சு கலகலன்னு இருந்தப்போ நீங்க ஈரம்னீங்க. அப்பா உங்களை நம்பித் திரும்பக் கொண்டுவந்து காயவெச்சாரு. நான் பித்தளையைப் பித்தளைன்னு சொல்றேன், நீங்க நம்ப மாட்டேங்கிறீங்க. வீட்டுல பித்தளைச் சாமான் இருக்கும்ல? ரெண்டு ஆயில்லயும் போட்டுச் சுட வெச்சுப் பாருங்க."

இதுதான் அவருக்குப் பிடித்தது. மற்றவர்கள் உண்மையைச் சொல்லலாம். அது உண்மையாவது அவர் பார்த்த பிறகுதான்.

மறுநாள் காலை அடுப்படியில் பரிசோதனை. ராஜாத்தி கும்பகோணத்தில் ஜோடியாக வாங்கிய சின்னப் பித்தளை நெய்க்கரண்டிகள் இரண்டும் புளி போட்டுத் துலக்கப்பட்டன. இரண்டு எவர்சில்வர் டம்ளர். தஞ்சாவூரிலிருந்து வரும்போது வாங்கிவந்த ஆயில், ஒன்றில் நாலு, ஒன்றில் அஞ்சு. இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, டம்ளர்களை உள்ளே நிறுத்தி, கரண்டிக்கு ஒன்றாகப் போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்தார்.

"அந்தப் பானையில இனிமே நான் இட்லி சுடணுமா?"

"விஞ்ஞானம் ராஜாத்தி. பேசாம இரு."

"வீடு முழுக்கப் பட்டாசுக் கடை மாதிரி நாறுது உங்க விஞ்ஞானம்."

மதியம் இரண்டு மணிக்கு இடுக்கியால் கரண்டிகளை வெளியே எடுத்துத் துடைத்தார். நாலில் கிடந்த கரண்டி போனபடியே வந்தது. அஞ்சில் கிடந்தது புகைபிடித்த கண்ணாடிபோலக் கறுத்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தார். கொஞ்சம் போனது, போன இடத்தில் பளபளப்பு இல்லை, சொரசொரப்பு இருந்தது.

துரைக்கண்ணு அந்தக் கரண்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாகத் தன் காருக்குள் சதி செய்தவனைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். அவனைப் பற்றி யாரிடம் புகார் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் தாவூதிடம் போனார். "பாய், நான் சொந்தமா ஒரு ஆராய்ச்சி பண்ணினேன். பழைய வண்டிக்கு நாலுதான் சரின்னு கண்டுபிடிச்சிருக்கேன்."

"அப்படிங்களா சார்?" என்றார் தாவூது, ஸ்பேனரைத் துடைத்தபடி. "நல்ல கண்டுபிடிப்பு. எங்களுக்கெல்லாம் இது தோணவே இல்ல."

பழைய ஆயிலை இறக்கி, உள்ளே இருந்த துகள் போக இரண்டு முறை கழுவி, நாலை ஊற்றினார்கள். நாலு நாள் துரைக்கண்ணு யாரும் பார்க்காத நேரமாகப் பாலம் வரை ஓட்டிப் பழகினார். உறுமல் முனகலானது, முனகல் நின்றது. அவசரமாகப் போட்டால் மட்டும் 'க்ர்' என்று ஒரு சின்னக் கனைப்பு. நிதானமாகப் போட்டால் அதுவும் இல்லை.

பன்னிரண்டாம் தேதி காலை பிள்ளையார் கோயில் முன்னால் நாற்பது பேர். அணை அங்கே திறந்ததைச் சிலர் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இங்கே வந்துசேர இன்னும் நாள் பிடிக்கும். சண்டை உடனே கிடைக்கும் என்பதால் வந்திருந்தார்கள். சாட்சிக்குக் கோவிந்தராசு. எதற்கும் இருக்கட்டும் என்று தாவூதையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

அரவிந்தன் வந்தார். இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்பது ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எந்தப் பேச்சையும் "அங்கெல்லாம்" என்றுதான் தொடங்குவார். கறுப்புக் கண்ணாடி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சாவியை வாங்கி, உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, நாற்பது பேரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, கியரைப் போட்டார். கம்பீரமான மனிதர் கம்பீரமாகத்தான் போடுவார், அதாவது நிதானமாக. சத்தமே இல்லை. பாலம் போய்த் திரும்பி வந்தார். சத்தமே இல்லை.

துரைக்கண்ணு பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போடு தம்பி."

அரவிந்தன் பேனாவை வாங்கவில்லை. "அண்ணே, ஆறு மாசமா வண்டி போற வழியெல்லாம் உறுமிக்கிட்டுப் போச்சு. ஊருக்கே தெரியும். இன்னிக்கு எப்படி வாயைத் தெறக்கல?"

"சத்தம் வந்தாலும் குத்தம், வரலைன்னாலும் குத்தமா?"

"வராததுதான் பெரிய குத்தம். அங்கெல்லாம் ஓட்டை வண்டியை விக்கிறவன் கியர் பாக்ஸ்ல மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அமுக்குவான். நீங்க நெல்லுக்காரர். தவிட்டைப் போட்டிருப்பீங்க."

கூட்டம் ரசித்தது. துரைக்கண்ணு கொதித்தார். "தாவூது! இறக்கிக் காட்டு!"

தாவூது பெருமூச்சு விட்டு, பழைய பேசின் ஒன்றோடு வண்டிக்கடியில் போனார். ஓடி வந்த வண்டியானதால் ஆயில் இளகிச் சரசரவென்று இறங்கியது. அரவிந்தன் கையை விட்டுத் துழாவினார். தவிடு இல்லை, மரத்தூள் இல்லை, உமி இல்லை. பத்து நாள்கூட ஆகாத சுத்தமான ஆயில். கோவிந்தராசு எட்டிப் பார்த்து, "கண்ணாடியாட்டம் இருக்குங்க. போடுங்க கையெழுத்தை," என்றார்.

வேறு வழியில்லாமல் அரவிந்தன் கையெழுத்துப் போட்டார். துரைக்கண்ணு அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாதிக் கார் பிழைத்தது. எட்டு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

அதற்குள் அரவிந்தன் விரலை மூக்கருகே கொண்டுபோனார். "வாசனையே இல்லியே. தாவூது, என்ன இது? வெளக்கெண்ணெயா?"

"ஜிஎல் நாலு சார். இந்த வண்டிக்கு அதுதான். பேசின்ல இருக்கிறதை வடிகட்டி அப்படியே ஊத்திடறேன்."

"வேணாம் வேணாம். எங்கிட்ட இருக்கு." பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதில் அரபியில் ஏதோ எழுதியிருந்தது. அதற்குக் கீழே, யாருக்கும் புரிகிற மாதிரி, பெரிதாக அஞ்சு என்ற எண். "அங்கெல்லாம் பாலைவனத்துல ஓடற வண்டிக்கே இதான்."

துரைக்கண்ணுவுக்கு ஒரு நிமிடம் மனசுக்குள் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். ஒரு வருஷத்தில் அந்த வளையம் தேய்ந்து ஒழியும். அடுத்த வருஷம் அரவிந்தன் வண்டியைக் கொடுக்கும்போது அது உறுமும். கார் முழுக்கத் தனக்கு. பிறகு அந்த முழுக் கார் எப்படி இருக்கும் என்று யோசித்தார். தள்ளிக்கொண்டு வர எட்டுப் பேர் வேண்டியிருக்கும். தேருக்குப் பின்னால் அவர்கள் காரைத் தள்ள, காருக்குப் பின்னால் பரிவட்டத்தோடு தான் நடக்க வேண்டியிருக்கும். கறுத்த கரண்டி கண்முன் வந்தது. தாவூது மூடியைத் திருகத் தயங்கிக்கொண்டிருந்தார்.

"அரவிந்தா, ஊத்தாதே."

"ஏன்?"

"அது பித்தளையைத் தின்னுடும்டா. உள்ள இருக்கிற வளையம் போயிடும். நான் போன வருஷம் ஊத்தி... நான் ஊத்தித்தான் கெட்டுச்சு. நாலைப் போடு."

துரைக்கண்ணு பொது இடத்தில் தன் தவறைச் சொன்னது அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து இதுவே முதல் தடவை. நாற்பது பேரும் சிரித்தார்கள்.

கோவிந்தராசு சொன்னார்: "காஞ்ச நெல்லை ஈரம்னவரு. இப்ப நல்ல ஆயிலை ஆகாதுங்கிறாரு. விடுங்க, பழக்கம்."

"அண்ணே," என்றார் அரவிந்தன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, "முப்பது வருஷத்துல ஒரு தடவை எனக்கு நல்லது சொல்லியிருக்கீங்களா?"

"இல்லடா. இன்னிக்குச் சொல்றேன்."

"அதான் பயமா இருக்கு. தாவூது, ஊத்து!"

"சார், பெரியவர் சொல்றது நெசம்தான்..."

"நீ அவர் ஆளு. பேசாதே."

"நான் உங்க ஆளுன்னு அவரு பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருக்காரு சார்," என்று முணுமுணுத்துக்கொண்டே தாவூது மூடியைத் திறந்தார். கந்தக வாடை பிள்ளையார் கோயில் வரை போனது. அரவிந்தன் அதை ஆழமாக இழுத்து, "இதுல சரக்கு இருக்கு," என்றார்.

துரைக்கண்ணு வீட்டுக்கு நடந்தே வந்தார். ராஜாத்தி வாசலில் கார் நின்ற இடத்தில் கிடந்த எண்ணெய்த் திட்டின்மேல் மண் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார்.

"பாதி தப்பிச்சுதுல்ல? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அஞ்சை ஊத்திட்டான் ராஜாத்தி. வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"நீங்களே சொன்னீங்களா? வாயைத் தெறந்து?"

"ஆமா. கெஞ்சாத குறை."

"பின்ன ஊத்தாம என்ன செய்வாரு?" ராஜாத்தி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். "நீங்க சும்மா இருந்திருந்தா தாவூது பேச்சைக் கேட்டுருப்பாரு. இருங்க."

கைப்பேசியை எடுத்து அரவிந்தனின் மனைவி குந்தவையைக் கூப்பிட்டாள். துரைக்கண்ணு பக்கத்தில் நின்றார்.

"குந்தவையா? ஒண்ணுமில்ல, சும்மாதான். இன்னிக்கு எங்க வீட்டுல பாயசம் வெக்கச் சொல்லிட்டாரு, அதான் ஜவ்வரிசி எவ்வளவு நேரம் ஊறணும்னு கேக்கலாம்னு... விசேஷமா? விசேஷம் என்ன விசேஷம். கார் போன வீடு எழவு வீடாட்டம் இருக்கும்னு நெனச்சேன். இவரு என்னடான்னா வந்ததுலேர்ந்து தனியா சிரிக்கிறாரு. உங்க வீட்டுக்காரரு ஏதோ ஆயில் ஊத்தினாராமே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. எனக்கு என்ன தெரியும் இந்தக் கார் சமாச்சாரம்... சரிம்மா, வெச்சுடறேன். அரை மணி நேரம் ஊறினாப் போதும்ல?"

வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அம்பாசிடர் அவர்கள் வாசலைக் கடந்து ரயில்வே கேட் பக்கம் போனது. ஓட்டியவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பதினொன்றரைக்குத் திரும்பி வந்தது. சிறிது நேரத்தில் தாவூது போன் செய்தார்.

"சார், நீங்க கண்டுபிடிச்சதை அரவிந்தன் சாரும் கண்டுபிடிச்சிட்டாரு. நாலு ஊத்தியாச்சு. இன்னும் மூணு டப்பா சேத்து வாங்கிட்டுப் போயிருக்காரு, நீங்க கடையில வாங்கி ஒளிச்சு வெச்சிடுவீங்கன்னு."

கார் பிழைத்தது. துரைக்கண்ணு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த ராஜாத்தியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நிற்கப்போவதாக அவர் சொன்னபோது, "கண்டிப்பா நில்லுங்க, எதிர்ல நிக்கிறவங்க வீட்டுலகூட ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க," என்று இவள்தான் சொன்னாள். அன்றைக்கே அவர் விலகிக்கொண்டார். தன் சொந்தப் புத்தியால் ஒரு பெரிய வலையிலிருந்து தப்பியதாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். மாடி எடுப்பதை விட்டதும் அப்படித்தான். மேஸ்திரி ரொம்ப நல்லவர், நம்ம வேலைக்குன்னே காத்துக்கிட்டிருக்காரு என்று இவள் சொன்ன மறுநாள். மகளைச் சென்னையில் கொடுக்காமல் பட்டுக்கோட்டையில் கொடுத்தது? அது தானே எடுத்த முடிவு. தானே எடுத்த முடிவுதானா?

"ராஜாத்தி."

"என்னங்க?"

"இந்த முப்பத்தாறு வருஷத்துல நானா யோசிச்சு முடிவு பண்ணினது எதுனா இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இது என்ன கேள்வி? நீங்க எதையும் நல்லா யோசிச்சுத்தான் செய்வீங்க. உங்க புத்தி யாருக்கு வரும்?"

துரைக்கண்ணு பயந்துபோனார்.